கள்ளி விதைக்குக் காய்ச்சல் பார்த்த வீடு

இணையத்தில் ஒரு பொட்டலம் கள்ளி விதை வாங்கினேன். கசகசா மாதிரி பொடிப்பொடியாக, கறுப்பாக இருந்தன. பாலைவனத்துச் செடிதானே, சூடு கூடக் கூடச் சந்தோஷப்படும் என்று நினைத்து, மணல் கலந்த மண்ணில் தூவி, டப்பாவை மூடி, எந்நேரமும் கொதிக்கும் டிவி டிகோடர் பெட்டி மேல் வைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. மண்தான் பொரிந்து கிடந்தது.

பிறகுதான் படித்துப் பார்த்தேன். வளர்ந்த கள்ளி வெயிலைத் தாங்கும், விதை தாங்காது. பகலில் இருபத்தைந்திலிருந்து முப்பது டிகிரிக்குள் இருக்க வேண்டும். இரவில் இருபதை ஒட்டிக் குறைந்தால் இன்னும் நல்லது. எங்கள் ஊர் சிலிபினில், வீட்டு ஹாலிலோ மதியம் முப்பத்துநாலு. ஆகவே மிச்ச விதைகளைத் தூவிய டப்பா படுக்கையறைக்குப் போனது.

அங்கே வேறு சிக்கல். என் கணவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். நாளெல்லாம் எஞ்சின் சூட்டில் வெந்து வருவதால் ஏர்கோனைப் பதினாறில் வைத்துத்தான் தூங்குவார்.

"என்னாங்க, இனிமே இருபத்திரண்டுல வைங்க."

"ஏன், கரண்டு பில் ஏறிருச்சா?"

"இல்ல, விதைக்குக் குளிரும்."

"எனக்கு வேர்த்தா பரவால்ல, அதுக்குக் குளிரக்கூடாது. அப்படித்தானே?"

"ஆமாலா."

முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். மறுநாள் மீன் தொட்டியில் ஒட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வந்து, தானே டப்பாவில் ஒட்டினார். அதன் பிறகு என்னைவிட அவருக்குத்தான் பைத்தியம் முற்றியது. நான் வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பேன். தெலுக் இந்தான் ஆலையில் பழம் இறக்கக் காத்திருக்கும்போதெல்லாம் போன் அடித்து டிகிரி கேட்பார்.

ஒரு நாள் மதியம், "முப்பத்திரண்டு காட்டுதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"ஐயோ, ஏறிருச்சா? ஈரத் துணி போட்டியா? ஃபேனைத் திருப்பு. பக்கத்துலயே இரு. பாவம், சின்ன உயிருலா அது!"

ஜன்னலில் ஈரத் துண்டைத் தொங்கவிட்டேன். இறங்கியது.

அன்று சாயங்காலம் வாசலில் கார் நின்றது. அவரோடு லோரி ஓட்டும் கூட்டாளி, கை நிறைய இளநீர். அவர் மனைவி கையில் ஒரு பை ஆரஞ்சு, கண்ணில் தண்ணீர்.

"அக்கா, புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

எங்கள் ஒரே மகன் ஜொகூரில் வேலை பார்க்கிறான். "எந்தப் புள்ளைக்கு?" என்றேன்.

"மச்சான் போன்ல பதறினானே, நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றார் கூட்டாளி. "ஈரத் துணி போடு, சின்ன உயிருன்னு. யாரோட புள்ளைன்னு கேக்க மனசு வரல."

இடுப்பில் கட்டிய சாரத்தோடு வெளியே வந்த என் கணவர் அப்படியே நின்றார். பிறகு உள்ளே போய், டப்பாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"இதுதான் பேஷண்டு."

முதலில் வெடித்தது அந்தப் பெண்தான். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாங்களும் சேர்ந்துகொண்டோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, போன் வெளிச்சத்தை டப்பாவுக்குள் அடித்துப் பார்த்தவள் கத்தினாள்:

"அக்கா, இங்க பச்சையா ஒன்னு நிக்குது!"

நான்கு தலைகளும் முட்டிக்கொண்டன. உண்மைதான். பச்சைச் சாயத்தில் முக்கிய ஜவ்வரிசி போல ஒரு குண்டு மணி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஓரத்தில் ஒரு கூட்டமே! என் கணவர் மண்ணில் தெரிந்த ஒவ்வொரு புள்ளியையும் முளை என்றார். "அது பாசி மச்சான்" என்றால் அவருக்குக் கோபம் வந்தது.

"அப்பனாயிட்ட மச்சான்!" என்று கூட்டாளி முதுகில் அறைய, இருவரும் கைகோத்துக்கொண்டு ஹாலைச் சுற்றி ஆடினார்கள். எனக்குச் சாரத்தை நினைத்துத்தான் பயம்.

அவர்களைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. சோறு போடும்போதுகூட யாராவது ஒருவர் "பேஷண்டு" என்று ஆரம்பிக்க, கறிக் கரண்டி என் கையில் நிற்கவே இல்லை. பிறகு வந்த வாரங்களில், முளைத்ததில் சில பூஞ்சணம் பிடித்துப் போயின. மற்றவை பிழைத்து, பூனை மீசை போல முள் விட்டு, ஜன்னலோரம் தேநீர்க் கோப்பைகளில் நிற்கின்றன.