புஞ்சிக்கு எப்போதும் ஐந்து வயது

நாயும் தேயிலைச் செடியும் ஒன்று என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். இருபது வருடத்துக்கு மேல் கவ்வாத்து வேலையை மேற்பார்த்து வருகிறவன் நான். கொழுந்து குறைந்து களைத்துப்போன செடியைக் கொஞ்ச நாள் பறிக்காமல் விட்டு, முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால், சில மாதத்தில் புதுச்செடி மாதிரி துளிர்த்து நிற்கும். வெள்ளைக்காரன் காலத்துச் செடிகள் எங்கள் மலையில் இன்னும் கொழுந்து கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அப்படியிருக்க, ஒரு வருடம் ஓய்வு கொடுத்தால் எட்டு வயது நாய் குட்டி போடாதா என்ன? இதுதான் என் விஞ்ஞானம். மூன்று வருடத்துக்கு முன்னால், ஆனி மாதக் காற்றும் மழையுமாக இருந்த ஒரு சனிக்கிழமை, இறம்பொடைக்குக் கீழே எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அந்த விஞ்ஞானம் சோதனைக்கு வந்தது.

புஞ்சி பொமரேனியன் சாதி. வெள்ளை. மழையில் நனைந்தால் பூனை அளவுதான் தேறும். கம்பளையில் ஒரு சிங்கள வீட்டில் வாங்கியது. புஞ்சி என்றால் சிங்களத்தில் சின்னது என்று அர்த்தம். அவர்கள் கூப்பிட்ட பெயரையே நாங்களும் வைத்துக்கொண்டோம்.

அதற்கு முதல் தடவை பருவம் வந்தபோது ஒரு வயதுகூட ஆகவில்லை. "அது பச்சப்புள்ளங்க, இப்ப வேணாம்" என்றாள் என் மனைவி. "ஆளாயிட்டாளே, இன்னும் என்ன? மாப்பிள்ள பாக்க வேண்டியதுதான்" என்று லயமே சிரிக்கும்படி சொல்லிவிட்டு, புஞ்சியைக் கூடையில் வைத்துத் தலவாக்கலையில் ஓர் ஆண் பொமரேனியன் இருந்த வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மூன்று குட்டிகள் பிறந்தன. அவை என்னவென்றே புஞ்சிக்குப் புரியவில்லை. பயந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. இரண்டு குட்டிகள் குளிரிலேயே போய்விட்டன. மூன்றாவதை மனைவி சட்டைக்குள் வைத்துச் சூடு காட்டிப் பிழைக்க வைத்தாள். வெளியில் நான் சொன்னதெல்லாம் அந்த மூன்றாவதைப் பற்றி மட்டும்தான்.

அதற்குப் பிறகு பருவம் வந்த போதெல்லாம் கூடைதான், தலவாக்கலைதான். காசுக்காக என்று நினைக்க வேண்டாம். குட்டிகளைப் பெரும்பாலும் சும்மாதான் கொடுத்தேன். என் ஆசை வேறு. எங்கள் லயத்துப் பக்கம் எட்டியும் பார்க்காத ஆட்களெல்லாம் குட்டி கேட்டு என் வாசலுக்கு வந்தார்கள். டிஸ்பென்சரி ஐயா வந்தார். பெக்டரி ஆபீசர் வந்தார். பாடசாலை அதிபர் சப்பாத்தெல்லாம் சேறாக வந்து நின்றார். நாற்காலி போட்டு, தேத்தண்ணி கொடுத்து, "யோசிச்சுச் சொல்றேங்க" என்பேன். அவர்களிடம் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வேறு என்ன வழி இருந்தது, சொல்லுங்கள்!

தாய்க்கு என்ன வயது என்று எல்லாரும் கேட்பார்கள். ஐந்து என்பேன். ஆறு வயதிலும் அதற்கு ஐந்துதான், ஏழிலும் ஐந்துதான். நடிகைகளுக்கு அடுத்தபடியாக எங்கள் புஞ்சிக்குத்தான் வயது ஏறவில்லை.

ஏழாவது வயதில் போட்ட இரண்டு குட்டிகளில் ஒன்று செத்தே பிறந்தது. "இதோட போதும்" என்றாள் மனைவி. சரி என்று ஒரு வருடம் விட்டுவைத்தேன். அப்போதுதான் தோட்டத்து ஜீப் டிரைவர் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "அண்ணே, தொரைக்கு ஒரு குட்டி வேணுமாம்."

தொரை! தோட்டத்து மேனேஜரே! அன்றைக்கு நான் மலைக்கு ஏறினேனா, பறந்தேனா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கூடையைத் தேடினேன்.

"உங்களுக்குக் கண்ணு தெரியலையா?" என்றாள் மனைவி. "முந்தி வாசப்படிய ஒரே தாவா தாவும். இப்ப ஒவ்வொரு படியா யோசிச்சு எறங்குது. அதுக்கு வயசாச்சுங்க."

"ஒரு வருசம் ரெஸ்ட் குடுத்திருக்கேன். கவ்வாத்து வெட்டின செடி மாதிரி எப்புடி தளதளன்னு நிக்குது பாரு."

"செடிய வெட்டுறதுக்கு முந்தி வேரப் பாப்பீங்கள்ல? இதுக்கு என்னத்தப் பாத்தீங்க?"

அவள் சொன்னது தொழில் விஷயம். கவ்வாத்துக்கு முன்னால் ஒரு வேர்த் துண்டை வெட்டி அயடின் விட்டுப் பார்ப்போம். கறுத்தால் உள்ளே மாவுச்சத்து இருக்கிறது, தைரியமாக வெட்டலாம். கறுக்காவிட்டால் அந்தச் செடியைத் தொடக்கூடாது. வெட்டினால் மறுபடி துளிர்க்காமலே செத்துப்போகும். ஒரு மலையையே அப்படிப் பார்த்துப் பார்த்து வெட்டியவன் நான். அவளுக்குப் பதில் சொல்லாமல் ஒரு ஜோக் அடித்துச் சமாளித்தேன். என்ன ஜோக் என்று இப்போது ஞாபகமில்லை. நல்ல ஜோக்காகத்தான் இருந்திருக்கும், அவளே சிரித்துவிட்டாள்.

கூடை மறுபடி தலவாக்கலைக்குப் போய் வந்தது. இரண்டு மாதம் கழித்து, அந்த ஆனி மாதச் சனிக்கிழமை காலையிலிருந்து புஞ்சி தன் படுக்கைச் சாக்கைப் பிராண்டியது. படுத்தது, எழுந்தது, மூச்சு வாங்கியது. முன்பெல்லாம் நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் முதல் குட்டி வந்துவிடும். அன்றைக்கு வலி வருவதும் அடங்குவதுமாகவே இருந்தது. சினிமாவில் பிரசவம் என்றால் வெந்நீர் வைப்பார்களே, நானும் வைத்தேன். ஒரு பெரிய பானை நிறைய. அதை என்ன செய்வது என்று சினிமாவில் காட்டியதில்லை. கடைசியில் நானே அதில் முகம் கழுவிக்கொண்டேன்.

பிறகு குட்டி வராமல், கரும்பச்சையாக ஏதோ வடிந்தது. மனைவி பார்த்தாள். "இது நல்லதுக்கில்ல. தம்பிக்குப் போன் போடுங்க" என்றாள். அவளுடைய தம்பிதான் எங்கள் தோட்டத்தில் ஓட்டோ ஓட்டுகிறவன். பதற்றத்தில் கைக்குக் கிடைத்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, புஞ்சியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். மனைவியும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

நுவரெலியா வரைக்கும் வளைவு, வளைவாக ஏற்றம். மூடுபனியில் மரக்கறி லொறிகள் முகத்துக்கு நேரே முளைத்தன. மடியில் புஞ்சி நடுங்கியது. துவாயை இன்னும் இறுக்கிச் சுற்றினேன்.

"மச்சான், அழுவாதீங்க. கண்ணாடியெல்லாம் ஆவி புடிக்குது, எனக்கு ரோடு தெரியல" என்றான் வண்டி ஓட்டிய மச்சான்.

"அழுவலடா. தடிமன்."

"தடிமன்னா வெளிய பாத்துத் தும்முங்க."

வழியில் ஆஞ்சநேயர் கோயில் தெரிந்தது. வடை மாலை சாத்துகிறேன், என் புஞ்சியைக் காப்பாற்று என்று கும்பிட்டேன். இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் உறைத்தது, பிரசவ விஷயத்தைப் பிரம்மச்சாரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன் என்று. மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்னைக்கு வேணாங்க" என்றாள்.

மிருக வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி. என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் போட்டிருந்தது மனைவியின் பூப்போட்ட ஸ்வெட்டர் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. புஞ்சியின் வயிற்றை அமர்த்திப் பார்த்துக்கொண்டே, "வயசு எத்தின?" என்று தமிழில் கேட்டார்.

"அஞ்சு" என்றேன்.

சத்தியமாக யோசித்துச் சொன்னதல்ல. வாய் பழகிப்போயிருந்தது. அவர் புஞ்சியின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார்.

"எட்டு முடிஞ்சிருச்சு டொக்டர்" என்றாள் அவள். முதல் பிரசவம் ஒரு வயதுக்கு முன்னால் என்பதையும் அவளே சொன்னாள்.

வயிற்று முடியை மழித்துக்கொண்டே டொக்டர் பேசினார். கோபமாகக்கூட இல்லை. "இந்த மாதிரி சின்ன நாய்க்கு ரெண்டு வயசு போல வந்தாத்தான் மொதல் குட்டி. அஞ்சு, ஆறு ஆகிட்டா நிப்பாட்டணும். நடுவுலயும் விட்டு விட்டுத்தான். நீங்க முந்தி ஆரம்பிச்சது. நிப்பாட்டவும் இல்ல. இப்ப உள்ள ஒரே ஒரு குட்டி, பெருசு. தள்ளுறதுக்கு இதுக்குச் சத்து இல்ல. வெட்டித்தான் எடுக்கணும். ஆனா மயக்க மருந்து தாங்குமான்னு சொல்ல ஏலாது."

வேர் கறுக்கவில்லை. எனக்கு அது மட்டும்தான் மனதில் ஓடியது.

உள்ளே கொண்டுபோவதற்கு முன் நான் கையை நீட்டினேன். புஞ்சி என் விரலை மோந்துகூடப் பார்க்கவில்லை. மனைவியின் கை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வெளியே போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்வதற்கு எனக்கு ஒரு வேடிக்கையும் கிடைக்கவில்லை. டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. போகும்போது மடியில் இருந்தது திரும்பும்போதும் என் மடியில்தான் இருந்தது, அதே துவாயில். மச்சான் கண்ணாடியைத் தானே துடைத்துத் துடைத்து ஓட்டினான்.

திங்கட்கிழமை தொரையிடம் போய் நின்றேன். "மன்னிச்சிருங்க தொர, குட்டி குடுக்க முடியாமப் போச்சு" என்றேன்.

"என்ன குட்டி?" என்றார். "எங்க வீட்ல பூனைல்ல இருக்கு."

என்றைக்கோ ஜீப்பில் போகும்போது ரோட்டோரம் நின்ற புஞ்சியைப் பார்த்து, நல்ல நாய் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். டிரைவர் அதைப் பெரட்டுக் களத்துக்குக் கொண்டுவந்து தொரையின் செய்தியாக்கிவிட்டான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்ல அவனுக்கும் ஆசை.

புஞ்சியை லயத்துக்குப் பின்னால், மனைவி போஞ்சி போடும் பாத்தியின் ஓரத்தில் புதைத்தோம். ஆஞ்சநேயருக்கு நேர்ந்த வடை மாலையையும் சாத்திவிட்டேன். அவர் மேல் பிழையில்லை.

என்னை இன்னும் நாய் விஷயம் தெரிந்தவன் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அண்மையில் பூண்டுலோயாவிலிருந்து ஓர் அம்மா போன் எடுத்தார். அவர் வீட்டில் இருப்பது புஞ்சியின் பேத்தி. "அண்ணே, இதுக்கு மொத தடவ வந்திருச்சு. மாப்பிள்ள பாக்கலாமா?"

"வேணாம்மா. ரெண்டு வயசாகட்டும். ஆறுக்கு மேல நெனச்சும் பாக்காதீங்க" என்றேன்.

"அப்ப இதோட பாட்டி எத்தன வயசு வரைக்கும் போட்டுச்சு?"

அடுப்படியில் மனைவி கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை நான் ஐந்து என்று சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். எட்டு வயதில், வயிற்றில் இருந்த ஒரே குட்டியைத் தள்ளச் சத்தில்லாமல், மயக்கம் தெளியாமலே எங்கள் புஞ்சி செத்துப்போனது. அந்தக் குட்டியும் மூச்சு விடவில்லை.