பினாங்கில் எந்த லயம்?

இலங்கை மலைநாட்டுப் பதுளையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்றே ஒன்றுதான். பண்டாரவளைக்குப் போகும் சாலை. ரயில் அந்தக் காலத்தில் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்காரர்கள் அதைச் சொல்லி வருத்தப்படுவார்கள். எனக்குக் கோபம் வரும். ஓர் ஊர் என்றால் அதை விட்டுப் போக ஒரு நல்ல வழி வேண்டாமா? எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. மற்றவர்கள் மலையை அழகு என்பார்கள். எனக்கு அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்ற நமைச்சல்தான்.

கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் பின்கட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். முதலாளியின் தம்பி, கடைச் சிப்பந்திகள் சிலர், பக்கத்து மளிகைக்காரர். எல்லோரும் மீசை வைத்தவர்கள். உடம்பு என் முன்னால் உட்கார்ந்திருக்கும், காது கடை வாசலில் இருக்கும். வாடிக்கைக்காரர் குரல் கேட்டால் பாதி வாக்கியத்தில் எழுந்து ஓடுவார்கள். திரும்பி வந்து மீதிப் பாதியைச் சொல்லுவார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? எந்த ஊரிலும் பாதி வாக்கியத்தில் எழுந்து போகிறவன்தானே நான்.

திருச்சியிலிருந்து முதலில் போனது ரங்கூனுக்கு. அங்கே ஒரு லேவாதேவிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன். பிளேக் வந்து தெருவே கதவைச் சாத்திக்கொண்டபோது, கிடைத்த கப்பலில் ஏறிப் பினாங்குக்குப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வாசலில் நின்று கண்ணைக் கசக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக இருக்கும். பினாங்கு சலித்ததும் சிங்கப்பூர். அங்கே காய்ச்சலில் படுத்தபோது மட்டும் வீட்டு ஞாபகம் வந்தது. ஊருக்குத் திரும்பலாம் என்று கொழும்பு வரை வந்தேன். கொழும்பில் உடம்பு தேறியது, வீட்டு ஞாபகமும் போய்விட்டது. சத்திரத்தில் சந்தித்த பதுளை முதலாளி வாத்தியார் தேடிக்கொண்டிருந்தார். கொஞ்ச காலம் அங்கே இருந்துவிட்டு ஜப்பானுக்குப் போவது என்று முடிவு செய்தேன். ஜப்பானில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. பார்க்காத ஊர், அவ்வளவுதான் காரணம்.

வீட்டுக்குக் கடிதம் எழுதுவதை ரங்கூனிலேயே விட்டிருந்தேன். எழுதினால் பதில் வரும். பதிலில் கல்யாணப் பேச்சு வரும்.

சனிக்கிழமைகளில் முதலாளியின் அரிசி வண்டி எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும். அதில் ஏறிப் போய், ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய கங்காணிக்குப் பாடம் சொல்லிவிட்டுத் திரும்புவேன். அந்தத் தோட்டத்தில் பாதிப் பேர் அவர் கூட்டி வந்த ஆட்கள். ஆள் பெரிய உருவம், தலைப்பாகை அதைவிடப் பெரிது. இங்கிலீஷ் எதற்கு என்று முதல் நாளே கேட்டேன்.

"தொரை நம்மகிட்ட தமிழ்லதான் பேசுறாரு, வாத்தியாரய்யா. அடுத்த தோட்டத்துத் தொரை வந்துட்டா ரெண்டு பேரும் இங்கிலீசுல பேசிட்டு என்னையப் பாத்துச் சிரிக்கிறாங்க. என்ன சொல்லிச் சிரிக்கிறாங்கன்னு தெரியணும். அது போதும்."

இவ்வளவு நேர்மையான காரணத்தோடு என்னிடம் படிக்க வந்தவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கங்காணி வீட்டில் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைப்பவள் அவருடைய ஆட்களில் ஒருத்தி. வாரம் முழுதும் கொழுந்து பறிப்பவள், ஞாயிற்றுக்கிழமை இங்கே எடுபிடி வேலை செய்வாள். பேசமாட்டாள். ஒருநாள் நான் கங்காணியிடம் பினாங்கில் பார்த்த சீனர் கடைகளைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். அவர் வெற்றிலை துப்ப எழுந்து போனதும் அவள் கதவோரம் வந்து நின்றாள்.

"ஐயா பினாங்குல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"எந்த லயத்துல?"

சிரித்துவிட்டேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீட்டுக்குத்தான் லயம் என்று பெயர். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் மனிதர் இருக்கிற இடம் என்றால் ஏதோ ஒரு லயத்தில் ஓர் அறை.

"பினாங்கு பெரிய பட்டணம்மா. கடலுக்கு நடுவுல தீவு. தோட்டமெல்லாம் எதிர்க்கரையில, ரப்பர் தோட்டம், கணக்கே இல்ல."

"இருக்கட்டுங்க. காலையில பெரட்டுக்கு எல்லாரும் வந்துதானே ஆவணும்? அங்க பாத்திருப்பீங்கள்ல? எங்க வீட்டுக்காரருக்கு எடது கையில ரெண்டு வெரலு நுனி இருக்காது. தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்டுப் போயிருச்சு."

விடியும்போது தப்புப் பறை அடித்ததும் ஆட்களெல்லாம் ஓரிடத்தில் வந்து நிற்பார்களே, அதுதான் பெரட்டு. யார் வந்தார், யார் வரவில்லை என்பது அங்கே தெரிந்துவிடும். உலகம் முழுவதற்கும் அப்படி ஒரு பெரட்டு உண்டு என்று அவள் நம்பியிருந்தாள். அவள் கணவன் தாயைப் பார்க்க ஊருக்குப் போனவன், நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பலில் ஏறினதாகக் கேள்வி. அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. "பாக்கலம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் கங்காணி பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். அவர் மச்சான் ஒருவர் மனைவியை இழந்தவர். இந்தப் பெண்ணை அவருக்குக் கட்டிவைத்துவிட்டால் தன் ஆள் வேறு கங்காணியிடம் போகாமல் இருக்கும் என்பது அவர் கணக்கு. அதற்கு முதலில் காணாமல் போனவனுக்குக் கருமாதி செய்து, அவள் தாலியை இறக்க வேண்டும். பிணமில்லாமல் கருமாதி செய்வதென்றால், செத்தான் என்று ஒருவர் மாரியம்மன் முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தாக வேண்டும்.

"நீங்க பினாங்குலேருந்து வந்தவரு. அடுத்த ஞாயித்துக்கிழமை கோயில்ல, காய்ச்சல்ல போயிட்டான்னு ஒரு வார்த்தை. லயமே நம்பும்."

நான் எழுந்து வெளியே வந்தேன். வண்டி நிற்கும் இடத்தில் அவள் காத்திருந்தாள்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஐயா, அவரைப் பாத்தேன்னு சொல்லிருங்க. உசுரோட இருக்காருன்னு சொல்லிருங்க. எனக்கு அந்த ஆளைக் கட்டிக்க இஷ்டமில்ல."

ஒருவருக்கு அவன் சாக வேண்டும், இன்னொருவருக்கு அவன் வாழ வேண்டும். இரண்டுக்கும் நான் வேண்டும். எந்த ஊரிலும் எந்த வம்பிலும் தலை கொடுக்காமல் நழுவி வந்தவனுக்கு எப்படி எரியும், பாருங்கள். அந்த வாரம் முழுதும் பெட்டியைக் கட்டினேன், பிரித்தேன், மறுபடி கட்டினேன். பண்டாரவளைக்குப் போகும் வண்டிக்காரரிடம் பேசியும் வைத்தேன். கடைசியில் போகாததற்குக் காரணம் தைரியம் ஒன்றும் இல்லை. நான் ஓடிப்போனால் கங்காணி என்ன சொல்வார் என்று யோசித்தேன். "பாவம், செத்ததைச் சொல்ல மனசு வராமப் போயிட்டாரு" என்பார். நான் ஓடுவதே சத்தியம் செய்ததாக ஆகிவிடும். வாழ்க்கையில் முதல்முறையாக, ஓரிடத்தை விட்டுப் போவதும் ஒரு காரியம்தான் என்று உறைத்தது. ஆத்திரத்தோடு அரிசி வண்டியில் ஏறினேன்.

கோயில் என்பது ஒரு மரத்தடியில் மஞ்சள் பூசிய கல். ஆட்கள் கூடியிருந்தார்கள். மச்சான் வெளுத்த வேட்டியில் நின்றார். அவள் பெண்களுக்கு நடுவில், பிடிவாதமாக நிமிர்ந்து. தட்டில் சூடம் எரிந்தது.

"நான் அவரைப் பாக்கல" என்றேன். "உசுரோடயும் பாக்கல, பொணமாவும் பாக்கல. அணைக்க மாட்டேன்."

அவள் முகம் சுருங்கியது. கங்காணியின் முகம் அதைவிட.

"பினாங்குல காய்ச்சல் இல்லியா?" என்றார் அவர்.

"இருந்துச்சு. நானும்தான் இருந்தேன். செத்தா போனேன்?"

"உசுரோட இருக்கிறவன் இத்தனை வருசமா ஒரு தாக்கல் அனுப்பாம இருப்பானா, வாத்தியாரய்யா?"

"இருப்பான், கங்காணி. நான் இருக்கேன்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. "உங்க வீட்ல யாரு இருக்கா?" என்று கங்காணி கேட்டார். அம்மா என்றேன். பெண்கள் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"அப்ப நீங்க இருக்கீங்கன்னு அவங்களுக்கு யாரு சொன்னா?"

சூடம் தானாக எரிந்து அணைந்தது. அடுத்த திருவிழா வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் தாக்கல் வராவிட்டால் வேறு யாரையாவது வைத்துச் சத்தியம் வாங்கிக்கொள்ளலாம் என்று கங்காணி முடித்துவிட்டார். அவளுக்குக் கிடைத்தது தவணைதான்.

பதுளைக்குத் திரும்பி வீட்டுக்கு எழுத உட்கார்ந்தேன். இத்தனை காலம் எழுதாதவன் எந்த வரியில் தொடங்குவது? கிழித்துப் போட்டேன். என்னிடம் படிக்கும் சிப்பந்தி ஒருவர் திருச்சிக்கு விடுமுறையில் போகவிருந்தார். அவரிடம் தெருவைச் சொல்லி, ஒரு பொட்டலம் தேயிலையும் கொடுத்து, நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வரச் சொன்னேன்.

அதோடு பிடித்தது சனியன். போகிறவனாகவே இருந்து பழகிய எனக்கு, காத்திருப்பது என்றால் என்னவென்று தெரியாது. பண்டாரவளை வண்டியின் மணி கேட்டால் வகுப்பைப் பாதியில் விட்டு வாசலுக்குப் போவேன். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். வண்டியிலிருந்து வேறு யாராவது இறங்குவார்கள். இறங்கியவர் மேல் கோபம் வரும். சாப்பாடு இறங்காது. ஒருவரை எதிர்பார்த்து ஓர் இடத்தில் இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலையா? இதையா அவள் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறாள், கொழுந்துக் கூடையையும் சுமந்துகொண்டு? ஆள் அனுப்பியதை அவளிடம் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் தேநீரை வைத்துவிட்டு அவள் கேட்பாள்:

"போன ஆளு வந்துட்டாரா?"

"இல்ல" என்று எரிந்து விழுவேன். அவள் சிரிக்கமாட்டாள். அவளுக்குத்தான் தெரியுமே.

திருவிழாவுக்குக் கொடி கட்டுகிற சமயத்தில் திருச்சிக்குப் போன சிப்பந்தி வந்து சேர்ந்தார். பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் பின்கட்டுக்கு வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், உங்க தெருவுல என்னை அடிக்காத குறைதான்."

"ஏன்?"

"செத்தவர் பேரைச் சொல்லி ஏமாத்த வந்தியான்னு கேட்டாங்க. ரங்கூன்லேருந்து வந்த ஒருத்தர், உங்க ரூம் தொறந்து காலியாக் கிடந்துச்சு, பிளேக்ல போயிட்டீங்கன்னு சொல்லிட்டாராம். உங்க அண்ணன் தர்ப்பையில உருவம் செஞ்சு கொளுத்தி, கருமாதியும் முடிச்சுட்டாரு."

"அம்மா?"

"அம்மா அன்னைக்குக் கை நனைக்கலையாம். 'பாத்தது யாரு?'ன்னு அந்த ரங்கூன்காரரைப் புடிச்சுக்கிட்டாங்களாம். ரூமைத்தான் பாத்தேன்னாராம். இப்பவும் கடல் தாண்டி வந்தவங்க யாரு தெருவுக்குள்ள நுழைஞ்சாலும், எம்புள்ளையப் பாத்தியான்னுதான் கேக்கிறாங்களாம். என்கிட்டயும் கேட்டாங்க. பாத்தேம்மா, தெனம் பாக்கிறேன்னேன். என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, 'நீ பாத்துட்ட. நான் எப்பப்பா பாக்கிறது?'ன்னாங்க."

மாணவர்கள் முன்னால் நான் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஞாயிறு கங்காணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முக்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டு, என் பாதங்கள் தரையில் படுகின்றனவா என்று குனிந்து பார்த்தார். சாயங்காலத்துக்குள் எல்லா லயங்களிலும் செய்தி பரவிவிட்டது: கருமாதி முடிந்தவர் ஒருவர் கங்காணிக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடின. முதலில் பின்வாங்கியது மச்சான்தான்.

"எனக்கு வேணாம் மாமா. கட்டிக்கிட்டப்புறம் இவரைப் போல அவனும் வந்து வாசல்ல நின்னா நான் எங்க போவேன்?"

கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

வண்டியில் ஏறப்போகும்போது அவள் வந்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு. அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"எங்காளு வந்தாலும் சரி, வராட்டியும் சரிங்க. செத்தாருன்னு என் வாயால சொல்ல வேண்டியதில்ல. அது போதும்." பிறகு, "நீங்க எப்பப் போறீங்க?" என்றாள்.

"அடுத்த மாசம் கப்பல் இருக்கு. ஜப்பானுக்கு" என்றேன். பழக்க தோஷம், வாய் அதைத்தான் சொன்னது.

"அங்க உங்களுக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்ப அங்க பெரட்டுல நீங்க இல்லன்னா யாருக்குத் தெரியப் போவுது?"

வண்டி கிளம்பிவிட்டது. வழியெல்லாம் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன், மனத்துக்குள். ஹாலி-எல வருவதற்குள் தோற்றுவிட்டேன்.

பதுளையை விட்ட அன்று கடை கடையாக ஏறி இறங்கிச் சொல்லிக்கொண்டேன். சிலருக்குக் கண் கலங்கியது. எரிச்சல் வரவில்லை.

திருச்சியில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது அண்ணன்தான் முதலில் பார்த்துக் கத்தினார். அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அழவில்லை. எங்கே இருந்தாய் என்று கேட்கவுமில்லை. என் இடது கையை எடுத்து, விரல்களை நுனிவரைக்கும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.