தொட்டிக்குப் பின்னால் ஒரு சாட்சி

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் டூங்கபி வீட்டுக் கமெரா ரவுடிகளைப் பிடிப்பதற்காகப் பொருத்தியதல்ல. கறிவேப்பிலைக் கள்ளரைப் பிடிப்பதற்காகப் பொருத்தியது. வீட்டோரச் சந்தான ஒழுங்கைப் பக்கம் நிற்கும் மரத்தை யாரோ கொப்புக் கொப்பாக முறித்துக்கொண்டு போகிறார்கள் என்று மனைவிக்குத் தீராத கவலை. கமெராவை வாங்கியவள் அவள், ஏணியில் ஏறிப் பூட்டியவன் நான். அதில் கறிவேப்பிலைக் கள்ளர் ஒருவரும் இன்றுவரை அகப்படவில்லை. அகப்பட்டது நான்தான்.

ஒரு குளிர்கால விடியற்காலை. இலை குழை போடும் பச்சைத் தொட்டியைத் தெருவில் வைக்க மறந்துவிட்டேன். குப்பை லொறி வந்துவிடுமே என்று, படுக்கும்போது இடுப்பில் கட்டிய சாரத்தோடு அதை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஒழுங்கைப் பக்கம் திரும்பினால், எங்கள் தகர வேலியில் இரண்டு பேர் அவசரமே இல்லாமல் ஆறுதலாகப் பெயின்ற் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தலையை மூடிய சட்டை, கையில் ஸ்பிறே டின், வேலியில் ஆளுயரத்துக்குச் சிவப்பாக மூன்று எழுத்து.

இப்படியான நேரத்தில் ஒரு பொறுப்பான வீட்டுக்காரர் என்ன செய்வாரோ எனக்குத் தெரியாது. நான் தொட்டிக்குப் பின்னால் குந்திவிட்டேன். ஒரு கையால் சாரத்தைப் பிடித்திருந்தேன். மூச்சுச் சத்தம் கேட்டுவிடும் என்று மற்றக் கையால் வாயைப் பொத்தியிருந்தேன். கடைசியில் கால் விறைத்து, முழங்கால் இடிபட்டு, தொட்டி தடாரென்று விழுந்தது. அவர்கள் டின்னைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நானும் ஓடினேன், மற்றப் பக்கமாக.

விசாரிக்க வந்த பொலிஸ்காரப் பெண், அந்த மூன்று எழுத்தும் ஒரு கும்பலின் அடையாளம் என்றார். ரயில் நிலையச் சுவரிலும் இன்னும் பல வேலிகளிலும் அதே எழுத்துகளாம். வீடியோவைப் போட்டுக் காட்டியபோது, எங்கள் கமெராவில்தான் முதன்முதலாக முகம் தெளிவாக விழுந்திருக்கிறது என்றார். மனைவி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, அவருக்கு நடந்ததை நடந்தபடியே சொல்லி, வீடியோவையும் கொடுத்தேன். பிறகு என் போனில் இருந்த பிரதியை அழித்தேன். மனைவிக்கு வேறு மாதிரிச் சொல்லவேண்டியிருந்ததே.

"சத்தம் போட்டன். பறந்திட்டாங்கள்," என்றேன்.

"ஓமோ?" என்று கேட்டுவிட்டு அவள் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் சாப்பாட்டு மண்டபத்தில் அந்தச் சத்தம் துரத்தலாக மாறியது. அதற்கடுத்த வெள்ளி, ஒருவனுடைய சட்டைக் கொலரையே பிடித்துவிட்டேன். இடியப்பத் தட்டோடு கேட்டுக்கொண்டிருந்த என் சிநேகிதர், "அண்ணை, அவங்கள் கும்பலெல்லோ! பயமில்லையோ உங்களுக்கு?" என்றார்.

"பயமோ? எனக்கோ?"

பக்கத்தில் இருந்த மனைவி சம்பலை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அப்போதுதான், அந்த இருவரும் பிடிபட்டு வழக்கு நடக்கப்போகிறது என்று நீதிமன்றக் கடிதம் வந்தது. நான் அரசுத் தரப்புச் சாட்சி, வீடியோ பெரிய திரையில் காட்டப்படும். கும்பல் வந்து என்னை என்ன செய்யும் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்தத் திரையில் சாரத்தோடு குந்தியிருக்கப்போகும் மனிதனைப் பற்றியே யோசித்தேன். அன்று பிரஷர் குளிசையை இரண்டு தரம் போட்டேனோ, போடவேயில்லையோ, அதுவும் நினைவில்லை. பொலிஸ்காரப் பெண்ணுக்குப் போன் எடுத்து, கடைசி இரண்டு நிமிடத்தை வெட்ட முடியுமா என்று கேட்டேன். ஆதாரத்தில் கைவைக்க முடியாது என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒருவரும் சிரிக்கமாட்டார்கள், சேர்," என்றார். அவருடைய குரலே நடுங்கிக்கொண்டிருந்தது.

"நானும் வாறன். லீவு போட்டிட்டன்," என்றாள் மனைவி.

"உமக்கேன் வீண் அலைச்சல்?"

"புருசன் சாட்சி சொல்லேக்க பாக்காம இருக்கேலுமே?"

சிநேகிதரும் கார் ஓடுவதற்கென்று சேர்ந்துகொண்டார்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் இருவருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். பெட்டியில் இருந்து எடுத்த மடிப்புக் குலையாத புதுச் சட்டை. நீதிமன்ற அறைக்கு வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருவன், என்னைக் கண்டதும் தன் பையை எடுத்து எனக்கு இடம் விட்டான். பயத்தில் நான் அவனுக்கு நன்றி சொல்லி, பக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

வழக்கைக் கூப்பிடுவதற்குச் சற்று முன்னர் அவர்களுடைய வழக்கறிஞர் வீடியோவை இன்னொரு தரம் போட்டுக் காட்டியிருக்கிறார். உள்ளே போனதும் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். சாட்சியும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். எழும்பி அவர்களைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது.

ஆனால் நீதவான் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வழக்கின் விவரத்தை ஆறுதலாக, அழுத்தம் திருத்தமாக வாசிக்கத் தொடங்கினார். வீட்டுக்காரர் குப்பைத் தொட்டி ஒன்றின் பின்னால் குந்தியிருந்தார். தொட்டி விழுந்த சத்தத்தில் இருவரும் தப்பி ஓடினர். வீட்டுக்காரரும் எதிர்த்திசையில் ஓடினார். எதிர்த்திசையைக்கூட விடவில்லை.

தாங்கள் எழுதிய எழுத்துகளைத் தாங்களே துடைக்கவேண்டும் என்று இருவருக்கும் சமூக சேவை கிடைத்தது. எனக்குரிய தண்டனை வெளியே, படிக்கட்டில் தொடங்கியது.

"அண்ணை," என்றார் சிநேகிதர், "நீங்கள் பிடிச்சது ஆரின்ர கொலர்? தொட்டீன்ர கொலரோ?"

மனைவியை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவில்லை. அவளோ கைப்பையில் போனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கமெரா என்ர போனிலயும்தானே கிடக்கு. அண்டைக்கு விடியவே பாத்திட்டன்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"கோயிலில நீங்கள் அந்தக் கதையைச் சொல்லேக்க முகம் எவ்வளவு வடிவா இருந்தது தெரியுமே? கெடுக்க மனம் வரேல்லை." பிறகு உண்மையான ஏமாற்றத்தோடு சொன்னாள்: "பெரிய திரையில பாப்பமெண்டுதான் லீவே போட்டனான். அந்தப் பெடியள் ரெண்டும் ஒப்புக்கொண்டு அதைக் கெடுத்துப்போட்டாங்கள்."

காருக்குள் மூன்று பேரும் தலையோடு தலை வைத்து அந்தச் சின்னத் திரையில் பார்த்தோம். தொட்டி விழுந்த இடத்தில் முதலில் சிரித்தவன் நான்தான். சிரிப்பு அடங்கியதும், "இன்னொருக்காப் போடும்," என்றேன்.