சாக்குத் திரைக்குப் பின்னால்

மும்பையில் மித்தி ஆற்றங்கரையைச் சுத்தம் செய்யும் பெண்கள், சேற்றிலிருந்து பழைய மருந்துப் பாட்டில்களை எடுத்துக் குவித்திருந்தார்கள். அந்த வாடை என்னை அறுபதுகளின் தாராவிக்கு இழுத்துக்கொண்டு போனது.

நான் வயசுக்கு வந்ததுமே அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். சாக்குத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் வாங்கி வரும் காலி மருந்துப் பாட்டில்களைக் கழுவுவதுதான் என் வேலை.

ஒருநாள் மாதர் சங்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார்.

"பிள்ளைய மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க."

"அவ ஊருக்குப் போயிட்டால்லா," என்றாள் அம்மா.

நான் வேண்டுமென்றே சத்தமாக இருமினேன். அந்த அக்கா திரையையே பார்த்தார். பிறகு, "சரி, வந்ததும் அனுப்புங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே வந்த அம்மா என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு பாட்டிலை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.