ஒன்றரை வேகத்தில் கேட்டவர்

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் நிமிஷ மேடம். யாருடைய பதிவைக் கேட்டாலும், 'பதினாலாவது நிமிஷத்தில் அவசரப்பட்டுவிட்டாய்', 'முப்பத்திரண்டில் அவர் சொன்னதைக் கோட்டை விட்டுவிட்டாய்' என்று குறிப்பெழுதி அனுப்புவார். அந்தப் பெயர் தன் காதுக்கு வந்தபோது சிரித்துக்கொண்டார். இதைவிட மோசமான பட்டப்பெயர்களோடு காலம் தள்ளிய வாத்தியார்கள் எத்தனையோ பேர்.

கவுன்சிலிங் படிக்கிறவர்கள் கடைசி வருஷத்தில் உண்மையான மனிதர்களோடு பேசிப் பழக வேண்டும். எதிரில் இருப்பவரின் சம்மதத்தோடு அந்தப் பேச்சைப் பதிவு செய்து மேடத்துக்கு அனுப்புவார்கள். பேச வந்தவரின் முகம் அதில் இருக்காது, குரல் மட்டும்தான். மேடம் அதைக் கேட்டுவிட்டு, வாரம் ஒரு முறை கணினித் திரையில் மாணவரைச் சந்தித்து, எங்கே சரி, எங்கே சறுக்கல் என்று பேசுவார். பேசி முடித்ததும் பதிவை அழித்துவிட வேண்டும் என்பது விதி. வீட்டின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு ஹெட்போன், கேமராவுக்குத் தெரியாத பக்கம் மடிக்காத துணிக் குவியல். அவருடைய அலுவலகம் அவ்வளவுதான்.

கணவர், பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஊர்ல இருக்கறவங்க குறையெல்லாம் உன் காதுல விழுது. நான் கூப்பிட்டா மட்டும் விழாது" என்பார். தன் காதில் என்ன விழுகிறது என்பதை மேடம் அந்த மனிதரிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வருஷமாக அவர் காதில் ஓர் ஆணின் குரல் விழுந்துகொண்டிருந்தது. இணையம் மக்கர் பண்ணி, திரையில் ஒரு மாணவனின் பேச்சு இழுபட்டு, "பர... வா... யில்ல மேடம்" என்று வரும்போது, அது அந்த ஆள்தான். குக்கர் அடங்கியபின் சமையலறையில் ஒரு அமைதி வருமே, அதிலும் அவர்தான். பட்டப்பகலில், துணி மடிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கிப் பேசுவார். மேடம் மடித்த சட்டையையே திரும்ப உதறி மடிப்பார்.

அந்தக் குரலுக்குரியவர், மூன்று வருஷத்துக்கு முன் கவுன்சிலிங்குக்கு வந்த ஒரு பஸ் ஓட்டுநர். மேடம் நேரில் பார்த்ததேயில்லை. அவரோடு பேசிக்கொண்டிருந்தவள் ஒரு மாணவி. பகலில் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு, மிச்ச நேரத்தில் படித்தவள். வருஷக்கணக்காக டெலிபோன் எடுத்துப் பழகியதால், குரலை வைத்தே எந்தப் பல் வலிக்கிறது என்று சொல்லிவிடுவாள் என மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

அந்த வருஷம் மேடத்துக்குப் பதினோரு மாணவர்கள். ஆளுக்கு வாரம் ஒரு மணி நேரப் பதிவு. எல்லாவற்றையும் கேட்டு, குறிப்பெழுதி, வீட்டு வேலையும் பார்த்து முடிவதற்குள் விழி பிதுங்கியது. பதிவை வேகமாக ஓடவிடும் வசதி இருந்தது. ஒன்றரை மடங்கு வைத்தார். எல்லோரும் கொஞ்சம் சுறுசுறுப்பாகப் பேசுவது போலத் தெரிந்ததே தவிர, வேறு வித்தியாசம் இல்லை. ஒரே மாதத்தில் அந்த வேகம் பழகி, அதுதான் இயல்பான பேச்சு என்று ஆகிவிட்டது. இதில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை என்று நீங்களும் நானும் சொல்லியிருப்போம்.

ஓட்டுநர் வரத் தொடங்கிய நாலாவது வாரம் வரவேற்பு மேசைப் பெண் கேட்டாள்.

"மேடம், அவர் ரொம்ப மெதுவா பேசறார். வாரத்துக்கு வாரம் இன்னும் மெதுவாகுது. எனக்கு என்னவோ போல இருக்கு."

"எனக்கு சாதாரணமாத்தான் கேட்டுது. நீ பயந்திருக்கே. புதுசுல எல்லாமே ஆபத்தாத்தான் தெரியும். உன் பயத்தை அவர் மேல ஏத்தாதே."

அடுத்த வாரமும் அதையே கேட்டாள். மேடம் அதே பதிலைக் கொஞ்சம் கண்டிப்போடு சொன்னார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

மனம் தளர்ந்துபோனவரின் பேச்சு மெதுவாகும், அதைக் கவனிக்க வேண்டும் என்பது முதல் வருஷப் பாடம். அதை நடத்துகிறவரே நிமிஷ மேடம்தான். சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

எட்டாவது சந்திப்புக்கு ஓட்டுநர் வரவில்லை. அவர் இனி வரமாட்டார், உயிரை மாய்த்துக்கொண்டுவிட்டார் என்று அவருடைய அக்கா துறைக்குப் போன் செய்து சொன்னார். மாணவியோடு இன்னும் பேசி முடிக்காததால் அழிக்காமல் இருந்த கடைசிப் பதிவை மேடம் அன்று காலையே திறந்தார். திரையின் மூலையில் ஒன்றரை என்று இருந்தது. அதை ஒன்றாக மாற்றினார். பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தேன் என்கிற ஒரு சாதாரண வாக்கியம் முடிவதற்குள் மேடம் எழுந்து நின்றுவிட்டார். காய்ச்சலில் கிடக்கிறவர் தண்ணீர் கேட்பது போல இருந்தது அந்தக் குரல். முழுவதையும் நின்றுகொண்டே கேட்டார். பிறகு, விதிப்படி அழித்தார்.

துறைத் தலைவர் விசாரித்தார். 'பதிவுகளைக் கேட்டேன், மாற்றம் எதுவும் தெரியவில்லை' என்று மேடம் எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. 'நான்தான் சரியாகக் கையாளவில்லை' என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்துவிட்டுப் படிப்பை விட்டாள். விஷயம் அதோடு மூடப்பட்டது.

அன்றிலிருந்து மேடம் எந்தப் பதிவையும் அதன் வேகத்திலேயே கேட்டார். ஒரு விநாடியைக்கூடத் தள்ளமாட்டார். பொறுமைக்கு இலக்கணம் என்று துறையில் புகழ்ந்தார்கள், ஆண்டு விழாவில் பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள். அதை வாங்கும்போதும் ஓட்டுநர் பேசிக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷம் கழித்து, போன வாரம், அந்தப் பெண்ணிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. திரும்பப் படிக்க விண்ணப்பிக்கிறாளாம். முன்பு விட்டதற்கான காரணத்தை எழுதி, அன்றைய மேற்பார்வையாளரிடம், அதாவது மேடத்திடம், கையெழுத்து வாங்க வேண்டுமாம். அவள் எழுதியிருந்தாள்: 'ஒருவரின் குரலில் இல்லாத மாற்றத்தை இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அந்தக் குழப்பத்தில் அவருக்குத் தேவையானதைச் செய்யத் தவறினேன். என் காதை நம்பக் கூடாது என்று மேற்பார்வையாளர் மூலம் தெரிந்துகொண்டேன். இனி எனக்குத் தோன்றுவதைப் பிறர் ஒப்புக்கொண்டால் மட்டுமே எடுத்துக்கொள்வேன்.'

மேடம் அதை மூன்று முறை படித்தார். பத்துப் பேரில் ஒருவருக்கு அமைகிற காது அது. அதைத்தான் அவர் கெடுத்து வைத்திருக்கிறார். கையெழுத்துப் போட்டால், அந்தப் பெண் வாழ்நாள் முழுக்க யாரோ ஒருவர் தலையசைக்கக் காத்திருப்பாள். உண்மையைச் சொன்னால், இருபது வருஷம் சேர்த்த பெயர் ஒரு நாளில் போகும். மூன்று நாள் பதிலைத் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தார். கணவர் கேட்டதற்கு மாணவர் குறிப்பு என்றார்.

சனிக்கிழமை மதியம் திரையில் சந்தித்தார்கள். அவள் ஆஸ்பத்திரியின் சாமான் அறையில், கையுறைப் பெட்டிகளுக்கு நடுவில், சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்திருந்தாள். முகம் மெலிந்திருந்தது.

"நல்லா இருக்கீங்களா மேடம்? ஒரு கையெழுத்துக்காக உங்களைத் தொந்தரவு பண்றேன்."

"அதுல நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. நீ எழுதினது உண்மை இல்ல."

அவள் பயந்துவிட்டாள். "எது மேடம்? மாத்தி எழுதிடறேன்."

எதையும் ஒரு முன்னுரையோடு தொடங்கும் மேடம் அன்று முன்னுரை இல்லாமல் சொன்னார். பதினோரு மாணவர்கள், ஒன்றரை வேகம், அக்கா போன் செய்த காலை, ஒன்று என்று மாற்றியபின் கேட்டது, விசாரணையில் எழுதிக் கொடுத்தது. சொல்லி முடித்தபோது திரை உறைந்துவிட்டதோ என்று நினைத்தார். இல்லை, அவள் கண் இமைத்தாள்.

"அப்போ எனக்குக் கேட்டது சரி."

"சரி. முதல் தடவையே சரி."

அவள் பக்கத்திலிருந்த பெட்டியின் மூலையை நகத்தால் சுரண்டினாள். "என் காது தப்புன்னு நெனச்சப்பவாவது ராத்திரி தூங்கினேன் மேடம். தெரியாம நடந்ததுன்னு சொல்லிக்கலாம். இப்போ தெரிஞ்சும் விட்டுட்டேன்னு ஆயிடுச்சே."

இந்த அடியை மேடம் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுடைய பாரம் இறங்கும், தன்னுடையது ஏறும், அதுதான் நியாயம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"நீ விடலம்மா. ரெண்டு தடவை சொன்னே."

"மூணாவது தடவை சொல்லல."

"சொல்லவிடாம பண்ணது நான்."

"அது இருக்கட்டும் மேடம். சொல்லல இல்ல?"

மேடம், நடந்ததையெல்லாம் எழுதித் துறைத் தலைவருக்கு இன்றைக்கே அனுப்பப்போவதாகவும், அதன் நகல் அவளுடைய விண்ணப்பத்தோடு போகும் என்றும் சொன்னார்.

"உங்க வேலை போயிடும்."

"போகட்டும்."

வெளியே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள், இணைப்பைத் துண்டிக்கக் கையை நீட்டி, நிறுத்தினாள்.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவீங்களா மேடம்?"

"வரேன். எதுக்கும்மா?"

"உங்களைத் திட்டணும். நிறைய திட்டணும். இன்னைக்கு வாய் வரல."

"வரேன்" என்றார் மேடம்.