இரண்டாந்தரம் கேட்காத கோப்பி

பேர்க்கொலேற்றரை அடுப்பில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் தட்டத் தொடங்கிவிடும். மூடியின் உச்சியில் ஒரு கண்ணாடிக் குமிழ். கோப்பித் தண்ணீர் துள்ளிவந்து அதில் அடித்துத் திரும்ப விழும். வட்டுக்கோட்டைக்கு நான் திரும்பி வந்த முதல் காலை, பக்கத்து வீட்டு மலர், வேலிக்கு அப்பால் நின்று பதறிப்போய்க் கேட்டாள்.

"அக்கா, ஆரோ கதவு தட்டுகினம், கேக்கேல்லையோ?"

"அது கோப்பி, மலர்."

"கோப்பியோ? அது ஏன் தட்டுது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. என் கதவைத் தட்ட வேறு ஆளில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

கனடாவில், சட்பரியில், ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில்தான் எனக்கு முதல் வேலை. தமிழில் கதைக்க அங்கே ஒருவரும் இல்லை. கூட வேலை செய்த லிண்டா ஒரு கோடையில் என்னை ஏரிக்கரைக்குக் காம்பிங் கூட்டிப்போனாள். விடியும்போது கை விறைக்கும் குளிர். விறகு நெருப்பில் இதே பேர்க்கொலேற்றர் கொதித்துக்கொண்டிருந்தது. "கோஃபி?" என்றாள் லிண்டா. வாசம் குடலைப் பிடுங்கியது. ஆனால் கேட்டவுடன் கையை நீட்டினால் காணாததைக் கண்டவள் என்று நினைக்கமாட்டார்களா? "நோ, தாங்ஸ்" என்றேன். "ஓகே!" என்று மிச்சத்தை மற்றவர்களுக்கு ஊற்றி, பாத்திரத்தை அலசிக் கவிழ்த்துவிட்டாள். இரண்டாந்தரம் கேட்பாள் என்று காத்திருந்த நான் மரத்துக்குப் பின்னால் போய் அழுதேன். வெளிநாட்டில் இருக்கிற உங்களில் பலரும் இப்படி ஒரு கோப்பிக்கு அழுதிருப்பீர்கள், வெளியே சொல்லியிருக்கமாட்டீர்கள். பின்னாளில் லிண்டாவுக்கு விளக்கிச் சொன்னேன். "வேண்டாமென்றால் வேண்டாம்தானே?" என்று முழித்தாள். ஓய்வுபெற்றபோது இந்தப் பேர்க்கொலேற்றரை எனக்கே தந்துவிட்டாள். அதற்குள் நானும் பழகியிருந்தேன். யாராவது வேண்டாமென்றால் "ஓகே" சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். நல்ல பழக்கம் என்றே நினைத்தேன்.

இங்கே அண்ணையின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. அம்மாவின் செத்தவீட்டுக்கு நான் வரவில்லை. கையில் கடவுச்சீட்டு இல்லாத காலம். அண்ணைக்கு அது ஒரு காரணமாகப் படவில்லை. அன்று தொட்டுக் கதை பேச்சு இல்லை. எங்கள் ஆட்கள் கோபமான வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். குடித்தால் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம். அண்ணை என் கையால் ஒரு வாய் குடிக்கவேண்டும் என்பதற்காகத்தான் நான் இத்தனை தூரம் வந்ததே.

போன செவ்வாய் பின்னேரம் படலை திறந்தது. அண்ணை சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. குசினியில் பேர்க்கொலேற்றர் தட்டிக்கொண்டிருந்தது.

"கோப்பி குடிக்கிறியளோ அண்ணை?"

"வேண்டாம் பிள்ளை. இப்பதான் குடிச்சனான்."

"சரி அண்ணை" என்று போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

அவர் குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். மழையைப் பற்றி இரண்டு சொல் கதைத்தார். பிறகு எழும்பி, "அப்ப நான் போறன்" என்றார். எங்கள் பக்கத்தில் போட்டு வாறன் என்றுதான் சொல்வார்கள். வெறுமனே போறன் என்றால் திரும்பி வருவதாக இல்லை.

சைக்கிள் போனபின் மலர் வேலியடிக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"என்னக்கா நீங்கள், ரெண்டாந்தரம் கேக்கேல்லையோ?"

பிறந்த ஊரில் நின்றுகொண்டு நான் லிண்டாவாகியிருக்கிறேன்.

மறுநாள் காலை கோப்பியைச் சுடச்சுடப் பிளாஸ்கில் நிரப்பிக்கொண்டு அண்ணையிடம் நடந்தேன். கிணற்றடியில் நின்றார். கேட்காமலே மூடியில் ஊற்றி நீட்டினேன்.

"வேண்டாம்."

"குடியுங்கோ அண்ணை."

"வேண்டாமெண்டு சொன்னனான், பிள்ளை."

மூன்றாந்தரம் கேட்கலாமா? இந்த 'வேண்டாம்' எங்கள் ஊருடையதா, லிண்டாவின் ஊருடையதா? முன்பென்றால் குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பேன். அவர் உள்ளே போகவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை. மூடியில் ஆவி அடங்கிக்கொண்டு வந்தது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நான் அப்படியே நின்றேன்.