உயிலின் கடைசிப் பக்கம்

அமெரிக்க மாநிலம் ஒன்றின் ஆரம்பகால ஆளுநரைப் பற்றி ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்தேன். விவசாயி மகன், விடுதலைப் போரில் சிப்பாய், பிறகு வக்கீல், இரண்டு முறை ஆளுநர். தன் அடிமைகளை உயில் எழுதி விடுவித்தவர் என்று புகழ்ந்து ஆய்வேட்டை முடித்திருந்தேன்.

வாய்மொழித் தேர்வன்று காலாப்பட்டிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில் அந்த உயிலின் நகலைப் புரட்டினேன். கையெழுத்து கிறுக்கலாக இருந்ததால் கடைசிப் பக்கத்தை நான் சரியாகப் படித்ததே இல்லை. சாவதற்குச் சில நாள் முன்பு அவரே விடுதலையை ரத்து செய்து, அந்த அடிமைகள் பதினோரு பேரையும் தன் மகனுக்கு எழுதி வைத்திருந்தார்.

கல்லூரி வாசலில் நின்ற என் நெறியாளரிடம் காட்டினேன். "இப்ப வாயத் தொறக்காதம்மா. இவ்ளோ ஆழமா யாரும் கேக்க மாட்டாங்க," என்றார்.

உள்ளே, அடுத்த கேள்வி அதுதான் என்று ஒவ்வொரு முறையும் நடுங்கினேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்கவே இல்லை. "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கோப்பை மூடினார்.

உயிலில் இருந்த அந்தப் பதினோரு பேரில் ஒரு சமையல்காரியும் அவள் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

"சார், கடைசி இயல்ல நான் எழுதுனது தப்பு," என்றேன். உயிலின் கடைசிப் பக்கத்தை அவரிடம் நீட்டினேன்.

நெறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். தேர்வாளர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "திருத்தி எழுதிக் குடுங்க. பட்டம் அதுக்கப்புறம்தான்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். திருத்தி முடிக்க எட்டு மாதம் ஆனது.